டக்காயாசு நோயில் ரத்தக்குழாய் அறுவை: ஸ்கேன் படங்கள் எதைத் தீர்மானிக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டக்காயாசு ஆர்ட்டரைட்டிஸ் இருப்பவரிடம் "பைபாஸ் தேவைப்படலாம்" என்று மருத்துவர் சொன்னதும், அடுத்தடுத்து ஸ்கேன்கள் எழுதித் தரப்படும். சி.டி., எம்.ஆர்.ஐ., ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர், சில சமயம் பெட் ஸ்கேன். ஒரே குழாயை எதற்கு இத்தனை முறை படம் எடுக்க வேண்டும் என்ற சலிப்பு நோயாளிக்கும் வீட்டாருக்கும் வருவது இயல்புதான். அந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பொதுவான விளக்கங்கள் என்பதால், உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவக் குழுதான் சொல்ல முடியும்.

இந்த நோயில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரையும் அதிலிருந்து பிரியும் பெரிய கிளைகளையும் தாக்கத் தொடங்குகிறது. முதலில் சுவர் அழற்சியால் வீங்கித் தடிக்கும். நாளடைவில் அந்த இடம் தழும்பாக இறுகி, உள்ளே ரத்தம் ஓடும் வழி குறுகும். சில இடங்களில் இதற்கு நேர்மாறாகச் சுவர் வலுவிழந்து வெளியே புடைக்கும். ஒரே நோயாளியின் உடம்பில் கழுத்துத் தமனி சுருங்கியும் மார்புத் தமனி புடைத்தும் இருக்கலாம்.

1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கித்தோ டக்காயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்து ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கண்டு அறிவித்தார். அதைக் கேட்ட சக மருத்துவர்கள் இருவர், இதேபோன்ற கண்களுடன் வந்த தங்கள் நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை என்றார்கள். 'நாடியில்லா நோய்' என்ற பெயர் இப்படித்தான் வந்தது. பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும்.

வழக்கமான அடைப்புக்கும் பைபாஸ் செய்கிறார்கள். இதில் மட்டும் ஏன் இவ்வளவு படங்கள்?

கொழுப்பு படிந்து வரும் அடைப்பில் அறுவை மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது உள்வழியை: எங்கே அடைத்திருக்கிறது, எவ்வளவு அடைத்திருக்கிறது. டக்காயாசுவில் அது பாதிக் கதைதான். நோய் இருப்பது சுவரில். உள்வழி நன்றாகத் திறந்திருக்கும் இடத்திலும் சுவர் அழற்சியில் ஊறிப் போயிருக்கலாம். அந்த இடத்தில் கிராஃப்ட் குழாயை (ரத்தத்துக்கு மாற்றுவழியாகப் பொருத்தும் குழாய்) தைத்தால் தையல் நிற்கும் திசுவே நோயுற்ற திசு. அது மெல்ல இளகி, இணைப்பில் புடைப்பு வரலாம். அல்லது அங்கேயே மறுபடி சுருங்கலாம். ஜப்பானில் அறுவை செய்துகொண்டவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்த்தபோது, 20 ஆண்டுகளுக்குள் தையல் இணைப்பில் புடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 விழுக்காடு எனக் கணக்கிட்டார்கள். வாலிப வயதில் அறுவை செய்துகொள்பவருக்கு 20 ஆண்டு என்பது நடுவயதுதான்.

ஆகவே படங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். எங்கே தைப்பது? எப்போது தைப்பது? முதல் கேள்விக்கு நல்ல சுவர் இருக்கும் இடம் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு, அழற்சி அடங்கிவிட்டதா என்று தெரிய வேண்டும். எந்த ஒரு ஸ்கேனும் தனியாக இரண்டுக்கும் பதில் சொல்லாது. அதனால்தான் இத்தனை படங்கள்.

ஏற்கெனவே ஆஞ்சியோகிராம் செய்தாயிற்று. அது போதாதா?

தொடையிலோ கையிலோ தமனிக்குள் சிறு குழாயை நுழைத்து, குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் பழைய ஆஞ்சியோ, ரத்தம் ஓடும் வழியை மிகத் துல்லியமாகக் காட்டும். சுவரைக் காட்டாது. 4 மில்லிமீட்டர் தடித்த சுவரும் இயல்பான சுவரும், உள்வழி ஒரே அளவில் இருந்தால், அந்தப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். நோயைக் கண்டுபிடிப்பதற்கு இனி இது தேவையில்லை, சி.டி., எம்.ஆர். முறைகளே போதும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பான யூலார் 2018இலேயே பரிந்துரைத்துவிட்டது.

அதற்காக அதைத் தூக்கி எறிய முடியாது. குழாயை உள்ளே நுழைப்பதால், சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை நேரடியாக அளக்கலாம். படத்தில் பயமுறுத்தும் சுருக்கம் உண்மையில் ஓட்டத்தைத் தடுக்கிறதா என்பதை அந்த எண்தான் சொல்லும். பலூன் சிகிச்சை செய்வதாக இருந்தால் எப்படியும் இது வேண்டும். தமனி கைகளில் சுருங்கியிருப்பவருக்கு மணிக்கட்டு அழுத்தம் பொய் சொல்லும் என்பதால், பெருந்தமனியின் உண்மையான அழுத்தத்தை நேரடியாக அறியவும் இதுவே வழி.

சி.டி. ஆஞ்சியோவில் அறுவை மருத்துவர் எதைத் தேடுகிறார்?

ரிப்போர்ட்டில் "இடது கழுத்துத் தமனியில் 80 விழுக்காடு சுருக்கம்" என்று ஒரு வரி இருக்கும். அறுவை மருத்துவர் அந்த வரியோடு நிற்பதில்லை. படத்தைத் திரையில் திறந்து, 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள வெட்டுகளாக, சுருக்கத்துக்கு மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பார். சுவரின் தடிமன் எந்த வெட்டில் தொடங்கி எந்த வெட்டில் முடிகிறது? முடிந்த பிறகு தைக்கத் தோதான நீளத்துக்கு நல்ல குழாய் இருக்கிறதா? அறுவையின்போது ரத்த ஓட்டத்தை நிறுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? பல ஆண்டு பழகிய டக்காயாசுவில் பெருந்தமனிச் சுவர் வளையமாகச் சுண்ணாம்பேறி இருப்பதுண்டு. அந்த இடத்தில் கிளாம்ப் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் சுவர் நொறுங்கலாம்.

படம் எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு சுற்று, பிறகு தமனிகள் நிறைந்திருக்கும்போது ஒன்று, சற்று நேரம் கழித்து மூன்றாவதாக ஒன்று. கடைசிச் சுற்றில்தான் அழற்சியுள்ள சுவர் இரண்டு வளையங்களாகத் தெரியும்: உள்வளையம் மங்கலாக, வெளிவளையம் மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று. இதயத்துக்கு அருகே எழும் பெருந்தமனியைப் பார்க்க வேண்டுமானால் ஈ.சி.ஜி.யோடு இணைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இதயத் துடிப்பின் அசைவே சுவர் கிழிந்ததுபோல் படத்தில் விழும்.

ஊசி எந்தக் கையில் போடுகிறார்கள் என்பதுகூடப் பொருட்டுதான். இடக்கையில் போட்டால், அடர்த்தியான மருந்து இடப்பக்கத்துப் பெரிய சிரை வழியாக, கழுத்துக்கும் கைக்கும் தமனிகள் பிரியும் இடத்துக்குக் குறுக்கே செல்லும். அப்போது எழும் கோடுகள் மிக முக்கியமான அந்தப் பகுதியையே மறைத்துவிடும். வலக்கையில் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஊசி போடுபவரிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்று அளவு. வளைந்து செல்லும் குழாயைச் சாய்வாக வெட்டிய படத்தில் அளந்தால், உண்மையைவிட அகலமாகக் காட்டும். கணினியில் குழாயின் நடுக்கோட்டை வரைந்து, அதற்குச் செங்குத்தாக அளப்பதே சரியான முறை. கிராஃப்டின் விட்டமும், குழாயை விரித்துத் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்டின் நீளமும் இந்த எண்களிலிருந்துதான் முடிவாகின்றன.

எம்.ஆர்.ஐ. எப்போது சி.டி.யைவிட நல்லது?

கதிர்வீச்சு இல்லை என்பதே முதல் காரணம். இளம்வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் படம் எடுக்க வேண்டிய நோய் இது. டக்காயாசுவைக் கண்டறிய முதலில் எடுக்க வேண்டியது எம்.ஆர்.ஐ. என்றே யூலார் சொல்கிறது. சுவரின் நீர்க்கோவையையும் அழற்சியையும் சி.டி.யைவிடத் தெளிவாகக் காட்டும்.

அறுவைத் திட்டத்துக்கு வரும்போது இதன் குறைகளும் தெரிய வேண்டும். சுருக்கத்தில் ரத்தம் சுழன்று ஓடும் இடங்களில் சிக்னல் மறைந்து, உண்மையைவிடக் கடுமையான அடைப்பாகவோ முழு அடைப்பாகவோ காட்டலாம். சுண்ணாம்பு சரியாகத் தெரியாது. ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் உள்வழி கறுத்துப் போகும். தொடர்கண்காணிப்புக்கு எம்.ஆர்., கத்தி வைக்கும் முன் ஒரு நல்ல சி.டி. என்ற ஏற்பாடுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. குழந்தைகளுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இதில் மாற்றம் வரும்.

டாப்ளர் வெறும் ஆரம்பப் பரிசோதனைதானே?

கழுத்துத் தமனியைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. தோலுக்கு மிக அருகில் இருப்பதால், நல்ல கருவியில் சுவரின் அடுக்குகளே தெரியும். டக்காயாசுவில் சுவர் சுற்றிலும் சீராகத் தடித்து, நீளவாக்கில் பார்க்கும்போது மாக்கரோனிபோல் தோன்றும். 'மாக்கரோனி அடையாளம்' என்றே அதற்குப் பெயர். கொழுப்பு அடைப்பு இப்படிச் சீராகத் தடிக்காமல் ஒரு பக்கமாகவே திரளும்.

கைக்குச் செல்லும் தமனி அடைத்திருந்தால், முதுகெலும்பை ஒட்டி மூளைக்கு ஏறும் தமனியில் ரத்தம் தலைகீழாக இறங்கிக் கைக்குப் போகும். அந்தத் திசைமாற்றத்தை டாப்ளர் கண்முன்னே காட்டும். காலிலிருந்து எடுத்து வைக்கப்போகும் சிரை பைபாஸுக்குப் போதுமான அகலம் உள்ளதா என்று பார்ப்பதும் டாப்ளரில்தான். மார்புக்குள் இருக்கும் பெருந்தமனியை மட்டும் இதனால் பார்க்க முடியாது. நுரையீரல் காற்று மறைத்துவிடும்.

பெட் ஸ்கேன் கட்டாயமா?

எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையைச் செலுத்தினால், அழற்சியில் இருக்கும் செல்கள் அதை ஆவலாக எடுத்துக்கொள்ளும், சுவர் ஒளிரும். மற்ற பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது இது பெரிதும் உதவும். குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

முடிவைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே ஒளிர்வு மங்கத் தொடங்கும். மங்கியதை வைத்து நோய் ஆறிவிட்டது என்று கொள்ளக் கூடாது. ஏற்கெனவே செயற்கைக் கிராஃப்ட் வைத்தவருக்கு, அந்தக் கிராஃப்டைச் சுற்றி நோயும் தொற்றும் இல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் லேசான ஒளிர்வு இருக்கலாம். இதைப் பார்த்துப் பதறி மறுஅறுவைக்குத் திட்டமிடுவது தவறு.

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாக வந்துவிட்டன. உடனே அறுவை செய்துகொள்ளலாமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி. நிதானித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுதான்.

1994இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் தங்களிடம் வந்த 60 டக்காயாசு நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டன. நோய் அடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கருதிய நிலையில் பைபாஸ் செய்தவர்களின் தமனித் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, 44 விழுக்காட்டில் அழற்சி அப்போதும் நடந்துகொண்டிருந்தது. சிறு எண்ணிக்கையில் செய்த ஆய்வுதான். ஆனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி நாள் குறிக்கக் கூடாது என்ற பாடம் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

இன்று டோசிலிசுமாப் என்ற மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். அந்த மருந்து சி.ஆர்.பி. உருவாகும் வழியையே அடைத்துவிடுவதால், சுவரில் நோய் இருந்தாலும் சி.ஆர்.பி. தரையைத் தொட்டு நிற்கும். அப்போது படங்களை விட்டால் வேறு துணை இல்லை.

படங்களில் பார்க்க வேண்டியது மாற்றத்தை. மூன்று, ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் புதிய சுருக்கம் இல்லை, சுவர் மேலும் தடிக்கவில்லை, அறிகுறிகள் கூடவில்லை என்றால் நோய் அமைதியாக இருக்கிறது என்று சொல்ல ஓரளவு தைரியம் வரும். ஒரே ஒரு படத்தில் சுவர் மருந்தை உறிஞ்சுவதாகத் தெரிவதை மட்டும் வைத்து "நோய் தீவிரம்" என்று முடிவு கட்டவும் கூடாது. ஆறிய தழும்பும் அப்படித் தெரிவதுண்டு. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2021 வழிகாட்டுதலும், அவசரம் இல்லையென்றால் நோய் அடங்கும்வரை அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது என்கிறது.

காத்திருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்?

காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. பெருந்தமனிச் சுவர் கிழிவது, புடைப்பு வேகமாகப் பெரிதாவது, மூளைக்கோ குடலுக்கோ கை கால்களுக்கோ ரத்தம் நின்றுபோகும் தறுவாய், இதயத் தமனியின் வாயே அடைபடுவது, பெருந்தமனி வால்வு கசிந்து இதயம் தளர்வது. இவற்றில் நோய் தீவிரமாக இருந்தாலும் அறுவை நடக்கும். ஸ்டீராய்டையும் மற்ற மருந்துகளையும் கூடவே கொடுப்பார்கள். திடீரென்று பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் செயலிழந்தாலோ, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் வலித்தாலோ, குறித்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு உடல் தானே சில மாற்று வழிகளைத் திறந்துகொண்டிருக்கும். மெதுவாக அடைபடும் நோய் என்பதால் பக்கக் கிளைகள் பருத்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு ரத்தத்தைக் கொண்டுபோகும். கழுத்துத் தமனி முழுதாக அடைத்தும் நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் அடைப்பு இருப்பதாலேயே அறுவை தேவை என்று ஆகாது.

அந்தப் பக்கக் கிளைகளை அறுவையில் வெட்டிவிட்டால்?

மிகச் சரியான பயம். திட்டமிடும் படங்களின் மதிப்பு இங்கேதான் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

வயிற்றுப் பகுதிப் பெருந்தமனி சுருங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கால்களுக்குப் போக வேண்டிய ரத்தம், மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கும் மார்பகத் தமனி வழியாக வயிற்றுச் சுவருக்கு இறங்கி, அங்கிருந்து தொடைத் தமனியை அடையலாம். இதே நபருக்கு இதய பைபாஸும் தேவை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான இதய பைபாஸில் முதலில் கை வைப்பது அதே மார்பகத் தமனியில்தான். அதை எடுத்து இதயத்தில் தைத்தால் கால்கள் ரத்தமின்றித் தவிக்கும். கழுத்திலிருந்து தொடைவரை ஒரே சி.டி. எடுத்திருந்தால் இது முன்கூட்டியே தெரியும். இதயத்தை மட்டும் படம் எடுத்திருந்தால் தெரியாது.

அதே தமனியில் வேறொரு சிக்கலும் உண்டு. அது பிரிவது கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியிலிருந்து. டக்காயாசு அடிக்கடி தாக்கும் குழாய் அது. வேர் சுருங்கியிருந்தால், அல்லது பின்னாளில் சுருங்கினால், இதயத்துக்குப் போட்ட பைபாஸ் பட்டினி கிடக்கும்.

குடலைச் சுற்றி நெளிந்து பருத்திருக்கும் கிளை, முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொடுக்கும் சிறு தமனி ஆகியவையும் இந்த வகையே. முதுகுத்தண்டுத் தமனி பெரும்பாலும் இடப்பக்கமாக, மார்பு முதுகெலும்புகளின் கீழ்வரிசையில் நுழையும். மார்புப் பெருந்தமனியைத் திறக்கும் அறுவையில் அது எங்கே என்று தேடிக் குறித்துவைக்கிறார்கள். அதை இழந்தால் கால்கள் செயலிழக்கும் அபாயம் இருக்கிறது.

மூளைக்குப் போகும் தமனிகளுக்கு பைபாஸ் எங்கிருந்து தொடங்கும்?

பெரும்பாலும் இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனியிலிருந்து. கழுத்துத் தமனிகளும் சப்கிளேவியன்களும் ஒட்டுமொத்தமாகப் பாதிக்கப்பட்டவரிடம்கூட இந்தப் பகுதியின் சுவர் பல நேரம் நன்றாக இருக்கும். ஒரு கழுத்துத் தமனியிலிருந்து மறுபக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது மார்பைத் திறக்காத சிறிய அறுவை. ஆனால் கொடுக்கும் தமனியும் நாளை நோயில் விழக்கூடியது என்பதால், டக்காயாசுவில் அதை நம்பித் தொடங்குவதற்கு யோசிப்பார்கள். மேலெழும் பகுதியும் தடித்திருக்கிறதா, வால்வு கசிகிறதா என்பதைச் சி.டி.யும் இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோவும் சேர்ந்து சொல்லும்.

இங்கே இன்னொரு கவலை மூளையைப் பற்றியது. ஆண்டுக்கணக்கில் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு ஒரே நாளில் முழு ஓட்டத்தைத் திறந்துவிட்டால், குழாய்கள் அதைத் தாங்காமல் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம். அதனால் மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃபியூஷன் ஸ்கேன் முன்கூட்டியே எடுப்பார்கள். இரு பக்கமும் சுருங்கியிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டையும் திறப்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அறுவைக்குப் பிந்தைய நாட்களில் கடும் தலைவலி, வலிப்பு வந்தால் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

பலூன், ஸ்டென்ட் போதாதா? மார்பைத் திறக்க வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. சிறுநீரகத் தமனியில் குறுகிய நீளச் சுருக்கம் இருந்து, அதனால் ரத்த அழுத்தம் எகிறினால், பலூன் நல்ல தொடக்கம். பலூனிலேயே வேலை முடிந்தால் ஸ்டென்டைத் தவிர்ப்பவர்கள் பலர். சுவர் கிழிந்தாலோ, விரித்ததும் மறுபடி சுருங்கினாலோ வைப்பார்கள். நீண்ட, தழும்பேறிய, முழுதும் அடைபட்ட பகுதிகளில் பைபாஸ்தான் நெடுநாள் திறந்திருக்கும். பலூனும் ஸ்டென்டும் மறுபடி அடைபடும் வாய்ப்பு அதிகம், நோய் தீவிரமாக இருக்கும்போது செய்தால் இன்னும் அதிகம். சிறிய துளையில் முடிகிற சிகிச்சை என்பதற்காக நோய் அடங்கும் முன் அவசரப்படுவதை நான் ஏற்பதில்லை.

சிறுநீரகத்தைப் பொறுத்து ஒரு சொல்: தமனியைத் திறக்கும் முன் அந்தச் சிறுநீரகம் எவ்வளவு பெரியதாக இருக்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சுருங்கி வற்றிப்போன சிறுநீரகத்துக்கு வழி திறந்து பலன் குறைவு.

எனக்கு எந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்?

படம்தான் சொல்ல வேண்டும். வலக்கையில் 104, இடக்கையில் 96, தொடையில் 190 என்று ஒருவருக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கைத் தமனிகள் இரண்டும் சுருங்கியிருப்பதால் கைகள் குறைத்துக் காட்டுகின்றன. இதயமும் மூளையும் எதிர்கொள்வது 190. இந்த விஷயம் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், கைப்பட்டையை மட்டும் பார்த்து அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் செலுத்திவிடக்கூடும். கால்களுக்குச் செல்லும் வழியும் சுருங்கியிருந்தால் நான்கு கை கால்களுமே நம்ப முடியாதவை. எந்தக் கையில் அல்லது காலில் பார்க்க வேண்டும் என்பதை எழுதி வாங்கி, எப்போதும் உடன் வைத்திருங்கள்.

கதிர்வீச்சும் கான்ட்ராஸ்ட் மருந்தும் கெடுதல் செய்யாதா?

இயற்கையிலிருந்தே ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு பெறுகிறோம். மார்பும் வயிறும் சேர்ந்த சி.டி. ஆஞ்சியோ ஒன்று 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாம். ஒரு முறைக்குக் கவலை குறைவு. ஆண்டுதோறும் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். அறுவைக்கு முந்தைய சி.டி.யைத் தவிர்ப்பதால் வரும் ஆபத்து பெரும்பாலும் கதிர்வீச்சைவிடப் பெரிது.

சிறுநீரகத் தமனி சுருங்கியவர்கள் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினைப் பார்த்துவிட்டே சி.டி.க்குப் போக வேண்டும். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்; எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் அதற்கான கடோலினியம் மருந்தைக் கர்ப்பத்தில் இயன்றவரை தவிர்ப்பார்கள். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

பெசெட் நோய்க்கும் இதே திட்டம்தானா?

இல்லை, ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 1937இல் துருக்கியத் தோல் மருத்துவர் ஹுலூசி பெசெட் விவரித்த இந்த நோயில் வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி ஆகியவற்றோடு ரத்தக்குழாய்களும் தாக்கப்படலாம். சிரைகளில் உறைகட்டி, தமனிகளில் புடைப்பு. ஊசி குத்திய இடமே சீழ்க்கொப்புளமாக மாறும் தன்மை இதற்கு உண்டு. தமனியில் குத்திய இடத்திலும் புடைப்பு வரலாம் என்பதால், குழாய் நுழைக்கும் ஆஞ்சியோவை இயன்றவரை ஒதுக்கி, சி.டி., எம்.ஆர். படங்களிலேயே திட்டமிடுவார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து இன்றியமையாதது.

அறுவை முடிந்த பிறகும் ஸ்கேன் தொடருமா?

தொடரும். முதல் சில மாதங்களுக்குள் ஒரு படம் எடுத்து, 'புதிய உடம்பின்' ஆரம்ப நிலையாகப் பத்திரப்படுத்துவார்கள். பின்னாளில் வரும் ஒவ்வொரு படமும் அதனோடுதான் ஒப்பிடப்படும். கழுத்திலும் தொடையிலும் உள்ள இணைப்புகளை டாப்ளரிலேயே பார்க்கலாம். மார்புக்குள் உள்ளவற்றுக்கு எம்.ஆர். அல்லது சி.டி. வேண்டும். இணைப்பில் வரும் புடைப்பு வலியோ அறிகுறியோ இல்லாமல் பத்து ஆண்டு கழித்தும் தோன்றக்கூடும் என்பதால், நன்றாக இருக்கிறேன் என்று கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

ரிப்போர்ட்டுகளை மட்டும் கொண்டுபோனால் போதாது. பழைய ஸ்கேன்களின் குறுந்தட்டுகளையோ பென்டிரைவையோ, முழுப் படக்கோப்புகளுடன், தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். ஃபிலிமில் அச்சிட்ட சில படங்களில் சுவரை நகர்த்திப் பார்க்க முடியாது. ஸ்டீராய்டு எந்தத் தேதியில் தொடங்கியது, அளவு எப்போது கூடியது குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட் ஸ்கேனைப் படிப்பவருக்கு அது இல்லாமல் முடியாது.

வாதநோய் நிபுணரும் கதிரியக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் படங்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கிராஃப்டின் இரு முனைகளும் எங்கே தைக்கப்படும், அந்த இரண்டு இடங்களிலும் சுவர் எப்படி இருக்கிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இதைக் குறுக்குக் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார், மவுஸை நகர்த்திக் காட்டுவார்.